மத்தியானத்தில் மட்டும் மணத்த காஸ்

எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள் என்னுடைய பிரியாவிடையன்று ஒரு கேள்வி கேட்டார்கள். "அக்கா, இவ்வளவு காலத்திலை உங்களைச் சரியாப் பேய்க்காட்டி ஏமாத்தின லீக் எது?"

கேக் வெட்டி முடிந்து எல்லோரும் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். நான் "உடையார்கட்டு பஸ்" என்று மட்டும் சொன்னேன். மேசையின் அந்தப் பக்கம் இருந்த றிஸ்வான் வாயில் றோல்ஸ்சோடு சிரித்துப் புரைக்கேறிப் போனார். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுக் கதையும் சொல்ல அன்று நேரம் இருக்கவில்லை. அவர்களுக்கு இப்போது காஸ் இருந்தால் கீச்சிட்டுக் கத்தும் சிறிய கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் முதல் தடவை போன அன்று அந்த பஸ்சுக்குள் அதுவும் கத்தியிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் காஸ் வேலைக்கு வந்தது நாற்பத்தேழாவது வயதில். அதற்கு முன் விசுவமடுவில் என் கணவரோடு சேர்ந்து சைக்கிள் கடை நடத்தினேன். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. அவர் சில்லைக் கழற்றித் தருவார், ரியூப் ஒட்டுவது என் பங்கு. தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூபை அமத்திப் பிடித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துப் பார்த்து என் கண் அதற்கே பழகிப்போனது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபின் மோட்டார் சைக்கிள்கள் பெருகின. எங்கள் கடைக்கு வரும் ரியூப்கள் குறைந்தன. அந்த நேரத்தில்தான் கிளிநொச்சியில் ஒரு காஸ் கடையில் பெண் ஒருவர் தேவை என்று சொன்னார்கள். வீடுகளுக்குப் புதிதாகக் காஸ் வந்துகொண்டிருந்தது. பகலில் ஆண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். குசினிக்குள் வந்து அடுப்புப் பூட்டித் தர ஒரு பெண் வந்தால் வீட்டுக்காரிகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கடைக்காரர் நினைத்தார்.

நேர்முகத்துக்கு என்னைக் கேள்வி கேட்டவர் கடையின் காஸ் வேலைகளுக்குப் பொறுப்பான றிஸ்வான். முல்லைத்தீவுக் கரையோரத்துக் குடும்பம். சிறுவயதில் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவர். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. சேட்டுக் கையை நன்றாக மடித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இருந்தார்.

"லீக் எண்டு ஒரு வீட்டிலை கூப்பிட்டா முதல் என்ன கேப்பீங்கள்?" என்றார்.

"ஒரு கோப்பை தண்ணி தாங்கோ எண்டு கேப்பன்" என்றேன்.

"குடிக்கவோ?"

"இல்லை. சவர்க்காரம் கரைச்சுக் குமிழி பாக்க."

அவர் பென்சிலை எடுத்து, புஷ்பம் என்று என் பெயரை எழுதிக்கொண்டார். கொழும்புக்குப் பக்கத்தில் மூன்று கிழமைப் பயிற்சி. முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. எனக்கு நன்றி சொல்லவும் தண்ணீர் கேட்கவும் மட்டும் தெரியும். முன்வரிசையில் இருந்து, படிப்பிப்பவரின் வாயைப் பார்ப்பதை விட்டுக் கையைப் பார்த்தேன். திரும்பி வரும்போது நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

வேலையில் முதல் நாள் நான் றிஸ்வானைத் "தம்பி" என்று கூப்பிட்டேன். என் கடைசித் தம்பியைவிட இளையவர், வேறென்ன சொல்வது? அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, கடைக்கு வெளியிலை தம்பி எண்டு சொல்லுங்கோ, சந்தோசம். வேலை செய்யேக்கை றிஸ்வான் எண்டு சொல்லுங்கோ. நான் உங்களைப் பாத்து 'தொடாதேங்கோ' எண்டு சொல்ல வேண்டி வரும். தம்பி சொன்னா நீங்கள் கேக்கமாட்டியள்."

கோபம் வந்தது. இரண்டு நாள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளினேன். பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது கோபம் போய்விட்டது.

மணக்கிறது என்று கூப்பிட்ட வீட்டுக்கு அவர் போகும் விதமே தனி. படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுவார். போனும் ரோச் லைற்றும் அங்கேயே பையில் இருக்கும். வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், "ஆரும் சுவிச்சைத் தொடாதேங்கோ. எரியிற லைற் எரியட்டும், எரியாத லைற் எரியாமல் இருக்கட்டும். எல்லாரும் ஒருக்கால் வெளியிலை வாங்கோ" என்பார். ஓடிவரச் சொல்லமாட்டார், நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவது போலிருக்கும். பிறகு உள்ளே போய் சிலிண்டரின் வால்வைப் பூட்டுவார். கதவு, யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறப்பார். காஸ் காற்றைவிடப் பாரமானது, தண்ணீர் போலப் பள்ளம் தேடித் தரையில் போய்க் கிடக்கும். அதனால் கீழ்க்கதவுதான் அவருக்கு முக்கியம். அதற்குப் பிறகு வெளியே வந்து, வீட்டுக்காரரோடு மரத்தடியில் நின்று, மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கதைப்பார். காஸ் போகும்வரை காத்திருக்கிறார் என்பது கதைத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது.

பிறகுதான் சோதனை. முதலில் சவர்க்காரத் தண்ணீர், குழாய் சேரும் ஒவ்வொரு பூட்டிலும் தூரிகையால் பூசிப் பார்ப்பது. அதற்குப் பிறகு எங்கள் பலகை. ஒரு பலகையில் அளவு பார்க்கும் அடிமட்டம் ஒன்றை ஒட்டி, அதன் இரண்டு பக்கமும் வரும்படி தெளிந்த பிளாஸ்ரிக் குழாயை வளைத்துக் கட்டியிருப்போம். அதற்குள் பாதிக்குத் தண்ணீர், பார்க்க வசதியாக ஒரு துளி பீற்றூட் சாறு. ஒரு முனையை அடுப்புக்குப் போகும் குழாயில் பூட்டி, இரத்தப் பிறசர் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தால் மெல்லக் காற்று அடித்தால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். எங்கும் ஓட்டை இல்லையென்றால் ஏறின தண்ணீர் ஏறினபடி நிற்கும். ஓட்டை இருந்தால் மெதுவாக இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். "மூக்கு களைச்சுப் போகும் அக்கா. கொஞ்ச நேரம் மணந்தா பிறகு மணக்கிறதே தெரியாது. தண்ணியைப் பாருங்கோ" என்பார்.

நான் தனியாகப் போன முதல் இடம் துணுக்காயில் ஒரு வீடு. ஒரு அம்மா, சிலிண்டரைப் பார்க்க ஷெல் மாதிரி இருக்கிறது என்று பயந்து, அதன்மேல் பழைய சேலையைப் போர்த்து வைத்திருந்தா. வீடு முழுக்க மணந்தது. நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். குமிழி இல்லை. பலகைத் தண்ணீர் அசையவில்லை. மணம் மட்டும் இருந்தது. ஒரு மணித்தியாலம் போனபின் படலைக்கு வெளியே போய் றிஸ்வானுக்குப் போன் எடுத்தேன்.

"தண்ணி என்ன சொல்லுது?"

"இல்லையெண்டு சொல்லுது."

"அப்ப அது காஸ் இல்லை. வேறை என்ன மணக்குது எண்டு பாருங்கோ."

சேலையை முழுதாகத் தூக்கிப் பார்த்தேன். சிலிண்டருக்குப் பின்னால் கோழி ஒன்று முட்டை இட்டு, அடைகாக்காமல் விட்டுப் போயிருந்தது. ஏழு முட்டை. அதில் இரண்டு அழுகி வெடித்திருந்தன. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் காஸ் மேலிருந்த பயமும் போய்விட்டது. எனக்கு ஒரு பூசணிக்காய் தந்து அனுப்பினா.

அந்த நாளிலிருந்து மூக்கைவிடத் தண்ணீர் பெரிது என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் உடையார்கட்டில் என்னை விழுத்தியது.

மகேஸ்வரி ரீச்சரும் அவருடைய கணவர் கணேசலிங்கம் அண்ணையும் உடையார்கட்டில் இருந்தார்கள். ரீச்சர் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவ. அண்ணை பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: ஒரு பழைய பஸ்சை வாங்கி, வீடாக மாற்றி, இலங்கையைச் சுற்றி வருவது. ஊரில் அதை 'வீட்டு பஸ்' என்றார்கள். வளவுக்குள் பாலை மரத்தின் கீழ் நீலமும் வெள்ளையுமாக நின்றது. யன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை. முன்பக்கம் கதவடியில் இரண்டு அடுப்பும் ஒரு கழுவுதொட்டியும். நடுவில் ஒரு பக்கமாகக் கட்டில். பின்னால் சிலிண்டர் வைக்கும் அலுமாரி. உள்ளே கால் வைத்ததும் எனக்கே அதில் ஏறிப் போக ஆசை வந்தது.

ரீச்சருக்குக் காஸ் மணக்கிறதாம். அண்ணைக்கு மணக்கவில்லை, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மூக்கு வேலை செய்வதில்லை. மல்லிகைப்பூவும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான்.

"இது முழுக்க என்ரை கை, தங்கச்சி" என்றார் அண்ணை, பஸ்சுக்குள் என்னை அழைத்துக்கொண்டு போய். "பலகை, தண்ணிக் குழாய், வயறிங், காஸ், எல்லாம்."

"காஸ் குழாய் எதாலை போகுது அண்ணை?"

"சிலிண்டரிலை இருந்து கட்டிலுக்குக் கீழாலை அடுப்புக்கு. செப்புக் குழாய்."

"நடுவிலை எங்கையாவது மூட்டு இருக்கோ?"

"இல்லை. அந்தத் தலையிலை இருந்து இந்தத் தலை வரைக்கும் ஒரே குழாய்."

கட்டிலின் பெட்டி முழுக்கத் திருகாணி போட்டு மூடியிருந்தது. ஒரே குழாய் என்றால் இரண்டு முனையையும் பார்த்தால் போதும். சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். குமிழி இல்லை. எல்லோரையும் வெளியே இருத்திவிட்டுப் பலகையைப் பூட்டினேன். பத்து நிமிடத்துக்குப் பதில் அரை மணித்தியாலம் பார்த்தேன். தண்ணீர் மயிரளவும் அசையவில்லை.

"பாத்தீரோ?" என்றார் அண்ணை ரீச்சரைப் பார்த்து. "நான் சொன்னனான்தானே. உமக்குப் போகப் பயம். அதுதான் மணக்குது."

ரீச்சர், குறை ஒன்றும் இல்லை என்று நான் கையெழுத்து வைத்துக் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டா. வரும் வெள்ளிக்கிழமை அவர்கள் புறப்படுவதாக இருந்தது.

மூன்று நாள் கழித்து ரீச்சர் தனியாக பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு எங்கள் கடைக்கு வந்தா. வெள்ளைக் குடை, தோள்பை, வியர்வை. அந்தத் தாளை விரித்து மேசையில் வைத்தா.

"புஷ்பம், இதை வைச்சிருக்க எனக்கு மனமில்லை. நீங்கள் பொய் எழுதினனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா எனக்கு மணக்குது. நேற்றும் மணந்தது. தலை இடிச்சது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "ரீச்சர், தண்ணி அசையேல்லை…" என்று தொடங்கினேன். றிஸ்வான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ரீச்சருக்குக் கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்து, பென்சிலை எடுத்தார்.

"எந்த நேரம் மணக்கும் ரீச்சர்?"

"மத்தியானம். சமைச்சுச் சாப்பிட்டிட்டு பஸ்சுக்குள்ளையே கொஞ்ச நேரம் சரிவம். பழகிப் பாக்கிறம். அப்பத்தான் மணக்கும்."

"இரவிலை?"

"இரவிலை வீட்டிலைதான் படுக்கிறனாங்கள்."

"நீங்கள் தனியப் படுக்கேக்கை மணந்ததோ?"

ரீச்சர் யோசித்தா. "இல்லை. திங்கட்கிழமை அவர் தோட்டத்துக்குப் போயிட்டார். நான் தனியத்தான் படுத்தனான். மணக்கேல்லை."

"ரெண்டு பேரும் படுக்கேக்கை ஆர் எந்தப் பக்கம்?"

"நான் யன்னல் பக்கம். அவர் நடைபாதைப் பக்கம்." பிறகு அவவுடைய குரல் தளர்ந்தது. "தம்பி, முப்பத்திமூண்டு வருசம் கரும்பலகையிலை மகாவலி ஆத்தைக் கீறிக் காட்டினன். ஒருநாளும் அதைக் காணேல்லை. போக விருப்பமில்லாமல் நான் கதை கட்டுவனோ?"

ரீச்சரை பஸ் ஏற்றி அனுப்பியபின் றிஸ்வான் என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் பிழையாச் செய்யேல்லை. நான் போயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பன். ஆனா ஆக்களை வெளியிலை இருத்திப்போட்டுப் பாத்தனீங்கள். அவைக்கு மணக்கிறது உள்ளுக்கை இருக்கேக்கை." தாளை என் பக்கம் நகர்த்தினார். "உங்கடை கையெழுத்தை நீங்களே வெட்டுங்கோ."

வெட்டினேன். என் வேலைக்காலத்தில் நான் வெட்டிய ஒரே கையெழுத்து அதுதான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முற்றத்தில் ஒரு சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "இதென்ன புதுக் கதையே? சில ரியூப் சும்மா நிக்கேக்கை காத்து நிக்கும். ஆள் ஏறி இருந்தாத்தான் விடும். நீ எத்தினை ஒட்டியிருக்கிறாய்" என்றார். நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன். நூறு தடவையாவது பார்த்திருப்பேன். காஸ் வேலை என்றதும் அதெல்லாம் வேறு உலகம் என்று நினைத்து மறந்துபோனேன்.

அடுத்த நாள் காலை றிஸ்வானும் நானும் உடையார்கட்டுக்குப் போனோம். அண்ணைக்கு எங்களைக் கண்டது பிடிக்கவில்லை.

"பேப்பர் தந்த பிறகு என்ன சோதனை? நாளைக்கு நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார். எங்களை முந்திக்கொண்டு பஸ்சுக்குள் ஏறி, "வெக்கையாக் கிடக்கு" என்று மின்விசிறிச் சுவிச்சுக்குக் கையை நீட்டினார். நான் பின்னாலேயே ஏறியிருந்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டேன். என்னைவிட எவ்வளவோ மூத்த ஆம்பிளை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கையை விடவில்லை.

"அண்ணை, இறங்குங்கோ" என்றேன். குரல் றிஸ்வானுடையது மாதிரியே வந்தது. இறங்கினார்.

சிலிண்டரைப் பூட்டினோம். கதவு, யன்னல் எல்லாம் திறந்து, பாலை மரத்தின் கீழ் நீண்ட நேரம் நின்றோம். பிறகு பலகையைப் பூட்டி, காற்று அடித்து, தண்ணீரை ஏற்றி வைத்தேன். உள்ளே இப்போது காஸ் இல்லை, வெறும் காற்று. ஆள் படுத்தாலும் ஆபத்தில்லை.

"ரீச்சர், வழக்கமாப் படுக்கிற மாதிரிப் படுங்கோ" என்றேன்.

ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, யன்னல் பக்கம் போய்ப் படுத்தா. ஐந்து நிமிடம். தண்ணீர் அசையவில்லை.

"எழும்புங்கோ. இப்ப அண்ணை."

"எனக்கு இப்ப நித்திரை வரேல்லை" என்று முணுமுணுத்தபடி அண்ணை வந்து, நடைபாதைப் பக்கம் மல்லாக்கப் படுத்தார். கட்டில் பலகை மெல்லக் கிறீச்சிட்டது. நான் அடிமட்டத்தைப் பார்த்தேன். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடம் சிவப்புத் தண்ணீர் ஒரு கோடு இறங்கியது. பிறகு இன்னொரு கோடு. ஒரு விரலளவு இறங்கிவிட்டது. கதவடியில் நின்ற றிஸ்வான் அதைப் பார்த்தார். ரீச்சரும் பார்த்தா.

"என்ன சொல்லுது?" என்று அண்ணை கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

றிஸ்வான் அடிமட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கீழை ஒரு மூட்டு இருக்கு" என்றார். "குழாய் ஒரு முழம் போதாமப் போச்சு. துண்டு போட்டுப் பூட்டினனான்."

றிஸ்வான்தான் முதலில் பேசினார். "எழும்புங்கோ அண்ணை. பெட்டியைக் கழட்டுவம்."

திருகாணிகளை அண்ணையே கழற்றினார். கட்டில் பலகையைத் தூக்கினோம். மூட்டு சரியாகக் கட்டிலின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே இருந்தது. பாரம் ஏறும்போது சட்டம் இறங்கிக் குழாயை அமத்தும். நட்டுக்குள் இருந்த செப்புக் குழாயின் விளிம்பில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு, அது திறக்கும். பாரம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில், அதே பெட்டிக்குள், இரண்டு பற்றறி. லைற், மின்விசிறி எல்லாவற்றுக்கும் வயர் அங்கிருந்துதான் போனது. காஸ் போய்த் தேங்கும் பள்ளத்திலேயே பொறி பறக்கும் சாமானும் இருந்தது.

றிஸ்வான் குந்தியிருந்து பார்த்தார். "நாளைக்கு வெளிக்கிட்டு, குளிருக்கு யன்னலைப் பூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் படுத்திருந்தா…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

ரீச்சர் கழுவுதொட்டியில் சாய்ந்து நின்றா. கோபப்படுவா என்று பார்த்தேன். அவவுடைய குரலில் கோபம் இருக்கவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"மூட்டு எண்டா நீர் பயந்து வரமாட்டீர் எண்டு நினைச்சன்" என்றார் அண்ணை, கையிலிருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு.

"நான் மூட்டுக்குப் பயப்பிடேல்லை. ஒருத்தருக்கும் மணக்கேல்லை, எனக்கு மட்டும் மணக்குது. எனக்கு மூளை பிசகிப் போச்சோ எண்டுதான் பயந்தனான்."

அண்ணை திருகாணிகளை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, அவவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். றிஸ்வான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, நாங்கள் இருவரும் சாமான் எடுப்பது போல வெளியே போய்விட்டோம். சாமான் எல்லாம் உள்ளேதான் இருந்தது.

திருத்த வேலை இரண்டு நாள் எடுத்தது. பழைய குழாயை முழுக்கக் கழற்றி எறிந்தோம். புதிதாக ஒரே நீளத்தில் ஒரு குழாய், நடுவில் மூட்டு இல்லாமல், கட்டிலைத் தொடாமல் பஸ்சின் அடிச்சட்டத்தோடு வெளியால் கொண்டுபோனோம். தளத்தைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் தகரம் உரஞ்சாமல் தடித்த ரப்பர் வளையம். குழாய் ஆடாமல் முழத்துக்கு ஒரு பிடி. பிடி அதிகம் என்று அண்ணை ஒரு இடத்தில் வாதாடினார், றிஸ்வான் விடவில்லை. சிலிண்டர் அலுமாரியின் அடியில் பெரிய துளைகள் போட்டோம், எப்போதாவது கசிந்தாலும் காஸ் உள்ளே வராமல் நிலத்தில் கொட்டிப் போகட்டும் என்று. அந்தத் துளைகளை அண்ணைதான் போட்டார். ஓரமெல்லாம் அரத்தால் தேய்த்து, கையால் தடவிப் பார்த்து, அழகாகப் போட்டார். பற்றறிகளுக்கு முன்பக்கம், ஓட்டுனர் கதிரைக்குப் பின்னால் தனிப் பெட்டி செய்தார்.

கடைசிச் சோதனைக்குக் கட்டிலில் பாரம் வேண்டும் என்றேன். "ரெண்டு மூட்டை நெல்லை வைப்பமோ?" என்றார் அண்ணை.

"என்னத்துக்கு நெல்லு? நாங்கள் நாலு பேர் இருக்கிறம்" என்றா ரீச்சர்.

அண்ணையும் ரீச்சரும் ஏறி இருந்தார்கள். நான் ஏறினேன். றிஸ்வான் மட்டும் இன்னொருவருடைய கட்டிலில் எப்படி இருப்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். ரீச்சர் வகுப்பறைக் குரலை எடுத்தா: "தம்பி, ஏறி இரும்." சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஒரு ஓரத்தில் இருந்தார். அரை மணித்தியாலம் நாங்கள் நால்வரும் வரிசையாகக் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளிருந்து போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தபடி, எதிரே சாய்த்து வைத்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மகாவலி எங்கை கடலிலை விழுது, சொல்லும் பாப்பம்" என்றா ரீச்சர் றிஸ்வானிடம்.

"மூதூர்ப் பக்கம், ரீச்சர்."

"சரி. புஷ்பம், உற்பத்தியாகிறது?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணைக்கும் தெரியவில்லை. ரீச்சர் சொல்லித் தந்தா. தண்ணீர் ஒரு கோடும் இறங்கவில்லை. நான் கையெழுத்து வைத்தேன். அடுத்த கிழமையே றிஸ்வான் எங்கள் சோதனைத் தாளில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்: 'வழக்கமாக இருக்கும் ஆட்கள் வழக்கமான இடத்தில் இருக்கும்போது பார்க்கப்பட்டதா?' அந்த வரி இப்போது அச்சிலேயே வருகிறது. புதிய பிள்ளைகள் அதற்குச் சும்மா சரி போட்டுவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். இனிமேல் போடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்குப் பதில் செவ்வாய்க்கிழமை அவர்கள் புறப்பட்டார்கள். மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் காலை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ரீச்சரிடமிருந்து போன் வந்தது. பெயரைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"ரீச்சர், மணக்குதோ?"

"மணக்கேல்லைப் பிள்ளை. பதுளைப் பக்கம் நிக்கிறம். நல்ல குளிர். காஸ் முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். மூண்டு கிழமை சமைச்சா முடியும்தானே? இவர் கேக்கிறாரில்லை. லீக் எண்டு சொல்லுறார். வெளிக்கிட்ட நாளிலை இருந்து ஒவ்வொரு நாளும் விடியச் சவர்க்காரத் தண்ணி பூசாமல் அடுப்புப் பத்த விடுறாரில்லை. தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் காத்துக்கொண்டு நிக்கிறன். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ, இது முடிஞ்சதோ, லீக்காகிப் போனதோ?"

"முடிஞ்சதுதான் ரீச்சர். ஆனா அவர் பாக்கட்டும், விடுங்கோ."

"நீங்களும் அவரின்ரை பக்கமோ?" என்று சிரித்தா. பின்னால் அண்ணையின் குரல் கேட்டது: "மகேஸ், போனை வைச்சிட்டு வாரும். வந்து என்ரை பக்கத்திலை படும். ரெண்டு பேரும் படுத்தாத்தான் சரியாத் தெரியும்."

"காலமை ஆறு மணிக்கு, பார் பிள்ளை" என்றா ரீச்சர். போனை வைத்துவிட்டா.